எந்தப் 'ப'?

சரக்குக் கொட்டகையில் அவளை ஏனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் இதுவரை தேவைப்பட்டதில்லை. எந்தப் பெட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது 'ஏன்'. ஏன் இந்த மூலை நசுங்கியிருக்கு, ஏன் லேபிளை மடிச்சு ஒட்டியிருக்கீங்க, போன தடவை வந்த டிரைவர் ஏன் இந்தத் தடவை வரல. கடைசிக் கேள்விக்கும் சரக்குக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது முறைத்தால், "சம்பந்தம் இருக்கா இல்லையான்னு கேட்டாத்தானே தெரியும்" என்பாள். லாரிக்காரர்கள் அவளைத் தூரத்தில் பார்த்ததுமே டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

கேட்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். கப்பலில் ஏறப்போகும் ஆபத்தான சரக்கு கன்டெய்னருக்குள் விதிப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று அவள் கையெழுத்துப் போட்டால்தான் கதவு மூடும், சீல் விழும். பெயின்ட், அமிலம், பூச்சி மருந்து என்று எத்தனையோ வரும். அவளுக்குப் பிடிக்காத விருந்தாளி லித்தியம் பேட்டரி. பார்க்க அப்பாவியாக இருக்கும். ஓசை கிடையாது, நாற்றம் கிடையாது. ஆனால் உள்ளே எங்கேயோ அடிபட்டிருந்தால் தானாகச் சூடேறும், தானாகப் பற்றும், பக்கத்தில் இருப்பதையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளும். தரையில் என்றால் ஓடித் தப்பிக்கலாம். நடுக்கடலில், கன்டெய்னர் மேல் கன்டெய்னராக ஏற்றிவைத்த அடுக்கின் நடுவே ஒன்று புகைய ஆரம்பித்தால் கப்பல்காரர்கள் எங்கே ஓடுவார்கள்?

அதனால்தான் விதி பழசையும் பழுதையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஓடித் தேய்ந்த பேட்டரி வெறும் பழசு. அதன் முனைகளில் டேப் ஒட்டி, ஒன்றோடொன்று உரசாமல் அட்டை வைத்து, கெட்டியான பெட்டியில் போட்டு, ஆபத்தான சரக்கில் ஒன்பதாம் வகுப்பு என்று காட்டும் பேட்டரிப் படம் போட்ட லேபிள் ஒட்டி அனுப்பலாம். கீழே விழுந்தது, உப்பியது, ஒழுகுவது எல்லாம் பழுது. அது ஒவ்வொன்றும் தனிக்குடித்தனம் கேட்கும். தனி உறை, சுற்றிலும் தீப்பிடிக்காத பொடி, பெட்டியின் மேல் பழுது என்று பெரிய எழுத்து. ரொம்ப மோசமானது என்றால் அரசாங்கத்து அனுமதி இல்லாமல் அசையவே கூடாது. பழசோடு பழுதைக் கலந்து அனுப்புவது கப்பலில் இருக்கிறவர்களுக்குச் செய்யும் துரோகம் என்று ஏனக்கா சொல்வாள். அவள் சொல்வதில் மிகை ஏதும் இல்லை.

இதெல்லாம் கொட்டகையில். வீட்டில் அவள் வாய்க்குப் பூட்டு.

மகனுக்குக் கல்யாணம் ஆகி மருமகள் வந்த புதிதில், கொட்டகைப் பழக்கம் வீட்டிலும் தொடர்ந்தது. ஏன் இந்தத் துணியை இங்க காயப்போட்ட, ஏன் கதவைச் சாத்திட்டுப் பேசற, ஏன் சாப்பாட்டைப் பாதியிலேயே வச்சுட்ட. மருமகளும் முதலில் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். பிறகு சிரிக்காமல் பதில் சொன்னாள். பிறகு பதிலே சொல்லவில்லை. ஒரு நாள் சொந்தக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது, "ஏம்மா, இன்னைக்கு உன்னை வண்டியில கொண்டுவந்து விட்டது யாரு?" என்று ஏனக்கா கேட்டுவைத்தாள். மருமகள் வேலைக்குப் போய்வரும் கம்பெனி பஸ் ஏன் வரவில்லை என்பதுதான் அவள் தெரிந்துகொள்ள நினைத்தது. சத்தியமாக அவ்வளவுதான். ஆனால் கேட்ட விதமும் கேட்ட இடமும் அப்படி. சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மருமகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றைக்கு மகன் தீர்ப்பு எழுதினான். "அம்மா, அவ ஒண்ணும் உன் கொட்டகைக்கு வந்த பெட்டி இல்ல. இனிமே அவகிட்ட ஏன்னு ஒரு வார்த்தை கேட்டாலும் நாங்க வேற வீடு பார்த்துக்கறோம்."

சும்மா சொல்கிறவன் இல்லை அவன். அப்பனைப் போலவே பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். அந்த அப்பன் போய்ச் சேர்ந்தபிறகு, மகனும் ராத்திரி வேலைக்குப் போய்விட, காலியான வீட்டில் தனியாகச் சாப்பிட்ட நாட்களை ஏனக்கா மறக்கவில்லை. மறுபடியும் அப்படி உட்கார்ந்து சாப்பிட அவளால் முடியாது. பயந்துவிட்டாள். பயத்தைக் கோபமாகக் காட்டிப் பழகியவள், இந்தப் பயத்தை அப்படியே விழுங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். வீடு அமைதியானது. ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஒரு அமைதி. ஆனாலும் அமைதிதான்.

மருமகள் வேலை பார்ப்பது மின்சார ஸ்கூட்டர்களின் தேய்ந்த பேட்டரிகளை வாங்கிச் சேர்க்கும் கம்பெனியில். சேர்த்ததை வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள், அங்கே உடைத்து உள்ளே இருக்கும் உலோகத்தைப் பிரித்தெடுப்பார்கள். சரக்கு அனுப்பும் பொறுப்பை மருமகளிடம் புதிதாகக் கொடுத்திருந்தார்கள். அவளுடைய முதல் கன்டெய்னர் எந்தக் கொட்டகைக்கு வரும்? வேறெங்கே, இங்கேதான்.

ஏனக்கா சூப்பர்வைசரிடம் போனாள். "இதை வேற யாராவது பாக்கட்டும். வர்றது என் மருமக சரக்கு."

சூப்பர்வைசர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்போ உங்களை விட்டா வேற யாரு சரியா பாப்பாங்க? மாமியார் கண்ணுக்குத் தப்பிச்ச குறை உண்டா?" இன்னொரு பரிசோதகர் காலை உடைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தார். ஆள் இல்லை. நகைச்சுவைக்கு மட்டும் குறைவில்லை.

சரக்கு வந்தது. மருமகளும் கூடவே வந்தாள், சரக்குப் பட்டியல் செருகிய அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவளைப் போல. பெட்டிகளைத் தூக்கி வைக்கும் ஃபோர்க்லிஃப்ட்டை ஓட்டுபவன் வண்டியை அணைத்துவிட்டு வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான். சுமை தூக்குகிறவர்கள் கூடக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இலவச நாடகத்தை யார் விடுவார்கள்?

ஏனக்கா பெட்டிகளைச் சுற்றி வந்தாள். வேலை சுத்தமாக இருந்தது. லேபிள்கள் நேராக ஒட்டப்பட்டு வெளிப்பக்கம் பார்த்தபடி இருந்தன. பலகைகளோடு சேர்த்து நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மேல் வரிசையில் ஒரு பெட்டி, அடி வரிசையில் ஒரு பெட்டி என்று காட்டித் திறக்கச் சொன்னாள். அது அவள் வழக்கம். முனைகளில் டேப் ஒழுங்காக இருந்தது, நடுவே அட்டையும் இருந்தது. ஒவ்வொரு பேட்டரியின் மேலும் கறுப்பு மார்க்கரில் 'ப' என்று எழுதியிருந்தது.

மேல் பெட்டியில் இருந்த 'ப' கோடு போட்டதுபோல மூலை மூலையாக இருந்தது. அடிப் பெட்டியில் இருந்தது வளைந்து நெளிந்து, வால் இழுத்து இருந்தது. இரண்டும் ஒரே ஆள் கை இல்லை.

கேள்வி நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. இது என்ன 'ப', யார் எழுதினது, ஏன் ரெண்டு கை? வேறு எந்தக் கம்பெனியாக இருந்தாலும் மூச்சு விடுவதற்குள் கேட்டிருப்பாள். நிமிர்ந்து பார்த்தாள். மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். எந்தக் கேள்வி வந்தாலும் அதை அடியாக வாங்கிக்கொள்ளத் தயாரான முகம். பின்னால் ஃபோர்க்லிஃப்ட்காரன் பல் தெரியக் காத்திருந்தான். இங்கே கேட்டால் வீட்டில் அது வேறு மாதிரி போய்ச் சேரும். பழைய பேட்டரி அனுப்புகிற கம்பெனி, 'ப' என்றால் பழசு, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

"சரியா இருக்கு. மூடுங்க" என்றாள்.

ஃபோர்க்லிஃப்ட்காரன் ஏமாந்து போனான். மருமகள் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. பெட்டிகள் உள்ளே போயின. ஏனக்கா கையெழுத்துப் போட்டாள், கதவு மூடி சீல் விழுந்தது. மதியத்துக்குள் லாரி துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் வெகு நாளைக்குப் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. மகனுக்கு அந்த வாரம் ராத்திரி வேலை, அதனால் பொழுது சாயும்போதே சாப்பாடு. மருமகள் தானாகவே வந்து மாமியாருக்குத் தட்டு வைத்தாள். "அத்தை, நான் ரொம்ப பயந்துட்டேன். நீங்க ஒண்ணுமே கேக்கல" என்றாள். அதைச் சொன்ன குரலில் நன்றி இருந்தது. ஏனக்காவுக்கு அது இனித்தது. இனிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

மகன் ஃபிரிட்ஜைத் திறந்து 'ப' என்று ஒட்டியிருந்த டப்பாவை எடுத்தான். பருப்பு என்று நினைத்துச் சோற்றின் மேல் கவிழ்த்தான். நறுக்கிய பழம் பொலபொலவென்று விழுந்தது.

"யாரு இதுல 'ப'ன்னு எழுதினது?" என்றான்.

"நீங்கதான்! நேத்து பழத்தை நறுக்கி வச்சது நீங்க" என்றாள் மருமகள். "நான் 'ப' எழுதின டப்பா பின்னாடி இருக்கு. அதுதான் பருப்பு." சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகனும் சிரித்தான்.

ஏனக்கா சிரிக்கவில்லை. பிசைந்த சோறு கையிலேயே நின்றுவிட்டது.

"உங்க கம்பெனியில பேட்டரி மேல 'ப' போடறது எத்தனை பேரு?" என்று கேட்டாள்.

"அம்மா" என்றான் மகன். ஒரே வார்த்தை, ஆனால் அந்த 'வேற வீடு' மிரட்டல் முழுதும் அதற்குள் இருந்தது.

"வர்ற பேட்டரியைப் பாக்கற ரெண்டு டேபிள்ல போடறாங்க அத்தை. பழசுன்னு அடையாளம். ஏன்?"

"ரெண்டு டேபிள்லயும் பழசுன்னுதான் போடறாங்களா?"

"அம்மா, அவளே இன்னைக்குத்தான் கொஞ்சம் நிம்மதியா சிரிக்கறா. அது பொறுக்கலையா உனக்கு?" மகன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "காலையில எல்லார் முன்னாடியும் நல்லவ மாதிரி இருந்துட்டு, இப்ப வீட்டுக்கு வந்து ஆரம்பிக்கறியா?"

மருமகள் அவனைப் பார்க்கவில்லை. மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு மெல்ல வடிந்தது. பிறகு கையைக்கூடக் கழுவாமல், இடது கையால் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.

முதல் டேபிள்காரரிடம் பேச்சு சீக்கிரம் முடிந்தது. 'ப' என்றால் பழசு, வேறென்ன. இரண்டாவது டேபிள்காரர் ரிப்பேர் பிரிவிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். போனில் அவர் குரல் மற்ற இருவருக்கும் கேட்டது.

"பழுதும்மா. எங்க பிரிவுல எப்பவும் அப்படித்தான் போடுவோம். நல்லா இருக்கறதுல எதுக்கு எழுதணும்? அதை அப்படியே தள்ளிவிட்டுடுவேன். பழுதை நீங்க தனியா பிரிச்சு அனுப்புவீங்கன்னு நெனச்சேன்."

"'ப' போட்டிருந்ததை எல்லாம் ஒண்ணாத்தான் கட்டினோம்" என்றாள் மருமகள். சொல்லும்போதே ஜன்னலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

மகனும் உட்கார்ந்தான். பிடிவாதக்காரனாக இருந்தாலும் விஷயம் புரியாதவன் இல்லை. ஏனக்கா எச்சில் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். "மதியம் போன பேட்டரி கன்டெய்னரைக் கப்பல்ல ஏத்த விடாதீங்க. உள்ள பழசும் பழுதும் கலந்திருக்கு. ஆமா, நான்தான் கையெழுத்துப் போட்டேன். கேக்க வேண்டியதைக் கேக்காம போட்டுட்டேன்."

போனை வைத்ததும் மருமகள் கேட்டாள். "நீங்க அப்பவே அந்த எழுத்தைப் பார்த்தீங்களா, அத்தை?"

"பார்த்தேன்."

"ரெண்டு பேர் எழுத்துன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் கேக்கல?" அவள் கத்தியே விட்டாள். "தெருவுல போறவங்க வர்றவங்க எல்லாரையும் கேப்பீங்களே! அங்க கேக்காம எங்க கேக்கறது?"

ஏனக்கா மகனைப் பார்த்தாள். மகன் தரையைப் பார்த்தான். யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் கன்டெய்னரைத் துறைமுகத்து வெட்டவெளியில் தனியாக இறக்கி வைத்துத் திறந்தார்கள். தீயணைப்பு வண்டி பக்கத்திலேயே நின்றது. பெட்டி பெட்டியாகப் பிரித்து, பேட்டரிகளைத் தள்ளித் தள்ளி வரிசையாக வைத்தார்கள். வால் இழுத்த 'ப' போட்டதெல்லாம் ஒரு பக்கம். சிலதில் ஓரம் உள்வாங்கியிருந்தது. சிலதில் ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. உள்வரிசைப் பெட்டி ஒன்றில் கிடந்த பேட்டரி, பல்வலிக்காரன் கன்னம் மாதிரி வீங்கியிருந்தது. தீயணைப்புக்காரர் அதன் மேல் வெப்பம் பார்க்கும் கருவியை நீட்டினார். முகம் மாறி, எல்லோரையும் பின்னால் போகச் சொன்னார். மற்றவையெல்லாம் காலை வெயிலின் சூட்டில் இருந்தன, அது மட்டும் கூடுதலாகச் சுட்டது. நீளமான இடுக்கியால் பிடித்து மணல் தொட்டிக்குள் இறக்கினார்கள். கடலில் பாதி வழி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கப்பல் அந்தக் கன்டெய்னர் இல்லாமலேயே கிளம்பிப் போனது.

அன்றைக்கே விசாரணை, துறைமுக அலுவலகத்தில். வராந்தாவில் ஒரே பெஞ்ச், அதில் மாமியாரும் மருமகளும். அறைக்குக் கதவு இருந்தது, ஆனால் புழுக்கத்துக்காகத் திறந்தே வைத்திருந்தார்கள். உள்ளே ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது.

மருமகள் குனிந்து, மெதுவாகப் பேசினாள். "அத்தை, நான் ஒண்ணு சொல்றேன். நீங்க அங்கேயே கேட்டீங்க, நான்தான் எல்லாம் பழசுன்னு சொல்லிட்டேன்னு சொல்லிடறேன். என் வேலை போனா போகட்டும். எனக்கு வயசிருக்கு, வேற கிடைக்கும். உங்களுக்கு இந்தக் கையெழுத்தை விட்டா வேற என்ன இருக்கு?"

ஏனக்கா திரும்பிப் பார்த்தாள். ராத்திரியெல்லாம் அழுத கண். தலைகூடச் சரியாக வாரவில்லை.

"அப்படிச் சொல்லாதே" என்றாள். "கேட்டிருந்தா நீ வெறுமனே பழசுன்னு சொல்லியிருக்க மாட்டே. அங்கேயே போன் போட்டுப் பார்த்திருப்பே. நேத்து சாப்பிட்ட கையோட எழுந்து போனியே, அதே மாதிரி. பார்க்காம பேசறவ இல்ல நீ. என்னைக் காப்பாத்தறேன்னு உன்னை ஏன் அப்படிப்பட்டவளா ஆக்கிக்கற?"

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார். "இவ்வளவு வருஷம் அனுபவம் உள்ளவங்க. சந்தேகம் வந்தும் ஏன் கேக்கல?"

"கேட்டா மாமியார் புத்தின்னு சொல்லுவாங்கன்னு பயந்துட்டேன்."

அதிகாரி சிறிது நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். இதை எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் கவனக்குறைவு என்று எழுதி அவள் பக்கம் திருப்பினார். மறு உத்தரவு வரும்வரை ஆபத்தான சரக்கில் அவள் கையெழுத்து செல்லாது, நுழைவாயிலில் லாரி நம்பர் குறிக்கும் வேலையைப் பார்க்கட்டும் என்றும் அதிலேயே இருந்தது. ஏனக்கா படித்துப் பார்த்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அடுத்து மருமகள் போனாள். அதிகாரியின் குரல் வெளியே வரை வந்தது.

"பரிசோதனை நடந்தப்போ உங்க மாமியார் அந்த எழுத்தைப் பத்தி உங்ககிட்ட ஏதாவது கேட்டாங்களா?"

பாழாய்ப்போன பெண், பொய் சொல்லித் தொலைக்கப் போகிறாள் என்று ஏனக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

"கேக்கல சார்" என்றாள் மருமகள். "கேட்டிருந்தா நான் போன் போட்டுப் பார்த்திருப்பேன். பார்க்காம பேசறவ இல்ல நான். எங்க அத்தைக்கு அது தெரியும்." கடைசி வார்த்தைகளில் குரல் உடைந்துவிட்டது. விசாரணைக்கு வந்த இடம் என்றும் பாராமல் விம்மினாள்.

ஏனக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். அது எப்போதோ தெரியும், இந்தப் பெண் வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே தெரியும். இத்தனை கேள்வி கேட்ட வாயால் அதை ஒரு நாள்கூட அவளிடம் சொன்னதில்லை.